புதிதாகவே இருக்கும் பழைய கோயில்: ஜப்பான் பயணக் குறிப்புகள்

திங்கள், டோக்கியோ

வந்ததும் முதலில் தேடிப் போனது இப்போது இல்லாத ஒரு கட்டடத்தை. கின்ஸாவின் தென்கோடியில் 1972-ல் எழுந்த நகாகின் கேப்சூல் கோபுரம் அது. குரோகவா கிஷோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. நடுவில் கான்கிரீட் தண்டு மாதிரி இரண்டு கோபுரங்கள், அவற்றைச் சுற்றி போல்ட் போட்டு மாட்டிய 140 பெட்டி அறைகள். 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்ட வேண்டும், தண்டு மட்டும் நிலைத்திருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சொந்தக்காரர். செலவு பெரிது, எல்லாரும் ஒத்துவரவும் இல்லை. குழாய்கள் துருப்பிடித்தன, மழை ஒழுகியது. 2022-ல் இடித்துவிட்டார்கள். 23 பெட்டிகளை மட்டும் ஆர்வலர்கள் காப்பாற்றினார்கள். அவற்றில் சில இப்போது வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் வரை போயிருக்கின்றன.

காப்பாற்றிய பெட்டி ஒன்றை ஒரு கலைக்கூடத்தில் பார்த்தேன். கப்பல் அறைபோல ஒரு பெரிய வட்டச் சன்னல், சுவரோடு பதித்த அலமாரி, மடக்கு மேசை. ஓர் ஆள் கை நீட்டினால் எல்லாம் எட்டும். 25 ஆண்டில் தூக்கி எறிவதற்கென்றே செய்த பொருள் இது. எறியாமல் விட்டதால் பழசானது, பழசானதால் அரிதானது. இன்று அதை மாற்றலாமா என்று யாராவது கேட்டால் பதறிப்போவார்கள். இந்தப் பயணம் முழுக்க நான் பார்க்க வந்திருப்பது இந்த மாதிரி விஷயங்களைத்தான். ஒரு பொருளுக்குப் புதுமை எப்போது மதிப்பைத் தருகிறது, எப்போது கெடுக்கிறது? ஜப்பானைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இந்தக் கேள்விக்கு இங்கே ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான்.

மாலையில், இங்கே பத்து வருடமாக வேலை பார்க்கும் நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். வீடு தேடிக்கொண்டிருக்கிறார்.

“அண்ணே, முப்பது வருஷ மரவீடுன்னா விளம்பரத்துல அதை வீடுன்னே போட மாட்டாங்க. ‘பழைய வீடு உள்ள நிலம்’னு போடுவாங்க. மண்ணுக்குத்தான் விலை. இடிக்கிற செலவு நம்ம தலையில.”

வரிக் கணக்கில் மரவீட்டுக்கு இங்கே ஆயுள் 22 ஆண்டு. அதற்குப் பிறகு ஏட்டில் அதன் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. போருக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டிய வீடுகள் உண்மையிலேயே தரம் குறைந்தவை என்பதும், 1981-ல் நிலநடுக்க விதிகள் கடுமையாக்கப்பட்டதும் இந்த மனநிலைக்குப் பெரிய காரணங்கள். ஆனால் அந்தப் பழக்கம் நல்ல வீடுகளையும் சேர்த்தே அழிக்கிறது. எப்படியும் மதிப்பு போய்விடும் என்று தெரிந்த வீட்டை யார் பராமரிப்பார்கள்? பராமரிக்காததால் அது உண்மையாகவே மதிப்பிழக்கிறது. 2023 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன.

செவ்வாய், கியோத்தோ

காலையில் கின்காகுஜி, அதாவது தங்கக் கோயில். குளத்துக்கு அந்தப் பக்கம் அது மின்னுகிறது, கூட்டம் மொத்தமும் படம் எடுக்கிறது. 1950-ல் இளம் துறவி ஒருவர் வைத்த தீயில் பழைய கட்டடம் எரிந்துபோனது. இது 1955-ல் கட்டியது, தங்கத் தகடு 1987-ல் முன்பைவிடத் தடிமனாகப் புதிதாக ஒட்டியது. அழகுதான். ஆனாலும் எனக்கு அங்கே அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை.

மதியம் ராக்கு அருங்காட்சியகம். 16-ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கை வகுத்த சென் நோ ரிக்யூ, சோஜிரோ என்ற, கூரை ஓடு செய்யும் கைவினைஞரிடம் சொல்லிச் செய்வித்த கிண்ணங்களின் மரபு இது. சக்கரத்தில் வனையாமல் கையாலேயே பிடித்துச் செய்தவை. கறுப்புக் கிண்ணம் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். விளிம்பு நேராக இல்லை, மெல்ல ஏறி இறங்குகிறது. உள்ளே பார்த்தால் இருட்டு. இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்தால் என்ன வடிவம் வருமோ அந்த வடிவம்.

இன்று இது பழமையின் உச்சம். ஆனால் ரிக்யூ இதைக் கையில் எடுத்தபோது இது அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த புதுச்சரக்கு. பெரிய மனிதர்கள் மதித்தது சீனாவிலிருந்து வந்த பழைய கிண்ணங்களை. அவற்றுக்கு நடுவே ஓட்டுக் கைவினைஞர் ஒருவர் கையால் பிசைந்த மண்ணை வைக்கத் துணிச்சல் வேண்டும். பழமையைப் போற்றும் நாடு என்று நாம் சொல்கிற இடத்தில், அந்தப் பழமை ஒரு நாள் யாரோ ஒருவர் புதியதை நம்பியதால் வந்தது.

அந்தக் குடும்பம் இன்றும் அதே நகரில் கிண்ணம் செய்கிறது. இப்போது இருப்பவர் 16-ஆவது தலைமுறை. ஒரு தலைமுறை தோண்டிச் சேர்த்து வைக்கும் மண்ணைப் பல தலைமுறை தள்ளி வருகிறவர் எடுத்துப் பயன்படுத்துவது அவர்கள் வழக்கம். அதாவது புதிய கிண்ணத்துக்குப் பழைய மண். தனக்குக் கிடைத்த மண்ணைத் தீர்த்துவிட்டு அடுத்தவனுக்கு ஒன்றும் வைக்காமல் போகிறவர் அந்த வரிசையில் இருக்க முடியாது.

புதன், நாரா

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. யகுஷிஜி கோயிலில் இரண்டு கோபுரங்கள், கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. ஒரே வடிவம். மூன்று அடுக்கு, ஆனால் ஒவ்வோர் அடுக்குக்கும் கீழே ஒரு சின்னக் கூரை இருப்பதால் ஆறு அடுக்குபோலத் தோன்றும். கிழக்குக் கோபுரம் 730-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மேற்குக் கோபுரம் 1528-ல் போரில் எரிந்து, நானூற்றைம்பது ஆண்டு வெறும் மேடையாகக் கிடந்து, 1981-ல் மறுபடி எழுந்தது.

கிழக்கு சாம்பல் பழுப்பு, வண்ணம் எல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. மேற்கில் சிவப்புத் தூண், பச்சைச் சன்னல் கம்பி, வெள்ளைச் சுவர், மூலைகளில் பொன் பூச்சு. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனித்தேன். வாசலுக்குள் நுழைந்ததும் பெரும்பாலோர் பழையதை நோக்கித்தான் திரும்புகிறார்கள். நானும் அப்படித்தான். ஆனால் 730-ல் வந்தவர் பார்த்தது எதை? அந்தச் சிவப்பையும் பச்சையையும்தான். கட்டியவர்கள் மனதில் இருந்த கோயில் மேற்கில் நிற்கிறது. காலம் செய்த கோயில் கிழக்கில் நிற்கிறது. நாம் காலம் செய்ததை அசல் என்கிறோம்.

மேற்குக் கோபுரத்தை எழுப்பியவர் நிஷியோகா சுனேகாசு என்ற தலைமைத் தச்சர். ஹோர்யூஜி கோயிலின் பரம்பரைத் தச்சர் குடும்பத்தில் 1908-ல் பிறந்தவர். அவர் அதைக் கிழக்குக் கோபுரத்தைவிடச் சுமார் ஓர் அடி உயரமாகக் கட்டியிருக்கிறார். மரம் காய்ந்து சுருங்கும், பாரத்தில் அமுங்கும், தரையும் இறங்கும். சில நூறு ஆண்டுகளில் இரண்டும் சமமாகிவிடும் என்பது அவர் கணக்கு. தன் வேலையின் முழுமையை, தான் பார்க்கவே முடியாத ஒரு நூற்றாண்டில் போய் வைத்தார் அவர். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. புதிய பொருள் முடிந்த பொருள் என்று நாம் நினைக்கிறோம், அவருக்கு அது தொடக்கம்.

அவருக்குத் தேவையான ஆயிரம் ஆண்டு ஹினோகி, அதாவது ஜப்பானிய சைப்ரஸ் மரம், ஜப்பானில் கிடைக்கவில்லை. தைவானிலிருந்து வரவழைத்தார்கள். பழைய தூண்களில் இருக்கும் மெல்லிய அலைபோன்ற செதுக்கைக் கொண்டுவரும் ஈட்டி இழைப்புளி வழக்கொழிந்து போயிருந்தது. பழைய மாதிரியைப் பார்த்து அதையும் செய்வித்துக்கொண்டார். அதே கோயிலின் புது முதன்மை மண்டபத்தின் உள்ளே கான்கிரீட் வேண்டும் என்று அறிஞர்கள் வற்புறுத்தியபோது, கான்கிரீட் நூறு ஆண்டு தாங்கும், ஹினோகி ஆயிரம் ஆண்டு தாங்கும் என்று வாதாடினார். அந்த வாதத்தில் அவர் ஜெயிக்கவில்லை. தெய்வச் சிலைகள் இருக்கும் உட்பகுதி கான்கிரீட்டாகத்தான் இருக்கிறது.

பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். தகாதா கோயின் என்ற தலைமைத் துறவி பெரிய நிறுவனங்களின் கொடையை நம்பாமல், பக்தர்கள் ஒரு சூத்திரத்தைக் கையால் எழுதி, அதோடு சிறு காணிக்கையும் சேர்த்துத் தரும்படி கேட்டார். பத்து லட்சம் பிரதிகள் இலக்கு. அது நிறைவேறி, 1976-ல் முதன்மை மண்டபம் முடிந்தது. புதிய கட்டடம் என்று அதை ஒதுக்குகிறவர்கள், பத்து லட்சம் முறை யாரோ உட்கார்ந்து எழுதிய எழுத்தையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறார்கள்.

வியாழன், ஹோர்யூஜி

உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்கள் இங்கே இருக்கின்றன. ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூண் 594-ல் வெட்டிய மரம் என்று ஆண்டு வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மண்டபச் சுவர்களில் இருந்த 7-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் 1949 ஜனவரி 26 அன்று தீயில் கருகின. மண்டபத்தைப் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, ஓவியங்களைப் பிரதியெடுக்க ஓவியர்கள் வந்து வரைந்துகொண்டிருந்த காலம். பழையதைக் காப்பாற்ற எடுத்த முயற்சிக்கு நடுவில்தான் பழையது போனது. அந்த இழப்பு நாட்டையே உலுக்கி, அடுத்த ஆண்டே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது மண்டபத்தில் இருப்பவை 1960-களின் இறுதியில் வரைந்த பிரதிகள். கருகிய அசல்கள் தனியே ஒரு கிடங்கில், பூட்டுக்குள். அசலில் நிறம் இல்லை, நிறம் இருப்பதில் அசல் இல்லை. இரண்டில் எது அந்த ஓவியம் என்று என்னைக் கேட்டால் இன்றும் பதில் தெரியாது.

1964-ல் வெனிஸ் நகரில் எழுதிய பாதுகாப்புச் சாசனம் பழைய பொருளே முக்கியம் என்ற பார்வையில் எழுதியது. கல் கட்டடங்கள் நிறைந்த ஊர்களுக்கு அது சரி. மரம் அப்படி இல்லையே, உளுத்த துண்டை வெட்டிப் புதியதை ஒட்டித்தான் அதை வாழவைக்க முடியும். ஜப்பான் 1992-ல் உலகப் பாரம்பரிய உடன்படிக்கையில் சேர்ந்ததும் இந்தச் சிக்கல் முன்னுக்கு வந்தது. 1994-ல் இதே நாராவில் கூடி, எது அசல் என்பதை அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும், பொருளோடு சேர்த்து வடிவம், பயன்பாடு, மரபு, நுட்பம் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று ஓர் ஆவணம் எழுதினார்கள். நான் படித்த அரசுபூர்வ ஆவணங்களில் மனதைத் தொட்டவை மிகக் குறைவு. இது அதில் ஒன்று.

வெள்ளி, இசே

ரயிலில் மியே மாகாணம். இசே கோயிலில் இரண்டு முக்கியப் பகுதிகள், வெளிக்கோயில், உட்கோயில். முதலில் வெளிக்கோயிலுக்குப் போய்விட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது முறை. அப்படியே செய்தேன்.

இந்தக் கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் புதிதாகக் கட்டுகிறார்கள். முதல்முறை உட்கோயிலில் 690-ல், ஜிதோ பேரரசியின் ஆட்சியில். யகுஷிஜியைக் கட்ட வேண்டிக்கொண்டதும் இவருக்கு நோய் வந்தபோதுதான், அப்போது இவர் அரசரின் மனைவி. ஒரே பெண்ணின் வாழ்நாளில் தொடங்கிய இரண்டு மரபுகள். ஒன்று நின்றபடியே பழசானது, மற்றது மாறிக்கொண்டே அப்படியே இருக்கிறது.

கட்டடம் வண்ணம் பூசாத ஹினோகி, புல் கூரை. தூணுக்கு அடியில் கல் கிடையாது, நேரே மண்ணில் ஊன்றுகிறார்கள். மண்ணில் ஊன்றிய மரம் உளுக்கும், அதனால் மாற்றியே ஆக வேண்டும். கல் வைத்துக் கட்டத் தெரியாமல் இல்லை. ஹோர்யூஜியில் அந்தக் காலத்திலேயே தூணுக்குக் கல் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இங்கே வேண்டுமென்றே உளுக்கும் வழியைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

வாசலை ஒட்டிய குளத்தின் பக்கத்தில் ஓர் அருங்காட்சியகம். கருவறைக் கட்டடத்தின் ஒரு பகுதியை முழு அளவில் அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். அசலை யாரும் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாது என்பதால் இது ஒன்றே வழி. தூணின் பருமன், இரண்டு பலகை சேரும் இடத்தில் தாள் நுழையாத பொருத்தம், இவற்றை இங்கேதான் கண்ணுக்கு நேராகப் பார்த்தேன்.

கட்டடம் மட்டும் இல்லை. வாள், வில், நெய்த துணி, கண்ணாடி, தறிக் கருவி என்று 714 வகையில் 1,576 பொருள்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்கிறார்கள். அவற்றில் ஒரு வாளின் கைப்பிடிக்கு டோகி என்ற அரிவாள்மூக்கனின் இறகு இரண்டு வேண்டும். ஜப்பானுக்கே உரிய டோகிகளில் கடைசிப் பறவை 2003-ல் செத்துப்போனது. சீனாவிலிருந்து வந்த பறவைகளை வளர்த்து, 2008-லிருந்து சாதோ தீவில் மறுபடி பறக்கவிட்டிருக்கிறார்கள். ஒரு வாளைப் புதிதாகச் செய்ய ஒரு பறவை உயிரோடு இருந்தாக வேண்டும். பழைய வாளை மட்டும் பெட்டியில் வைத்துக் காத்திருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது, பறவை போனதும் யாருக்கும் உறைத்திருக்காது.

சனி, இசே உட்கோயில்

இசுஸு ஆற்றின் மேல் உஜி பாலம், 100 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதையும் 20 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், கடைசியாக 2009-ல். நடைப்பலகைகள் ஓரத்தில் கெட்டியாகவும் நடுவில் தேய்ந்தும் இருக்கின்றன. எத்தனை பேர் நடந்திருப்பார்கள்.

வழியில் பெரிய பெரிய தேவதாரு மரங்கள். சிலவற்றின் அடிமரத்தில் மூங்கில் பட்டைகளை வரிசையாகச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் தொட்டுத் தொட்டுப் பட்டை தேயாமல் இருக்க. கட்டடத்தைப் புதுப்பிக்கிறார்கள், மரத்தைக் காக்கிறார்கள். எதைச் செய்ய முடியும், எதை வளர மட்டுமே விட முடியும் என்று பிரித்துத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

கருவறைக்குக் கல்படி ஏறிப் போக வேண்டும். படிக்கு மேலே படம் எடுக்கக் கூடாது. வாசலில் ஒரு வெள்ளைத் திரை, அதற்குப் பின்னால் வேலி, அதற்கும் பின்னால் வேலி. காற்றில் திரை எழுந்தபோது உள்ளே வெள்ளைக் கூழாங்கல் தரை ஒரு கணம் தெரிந்தது, அவ்வளவுதான். பக்கவாட்டில் நின்றால் கூரையின் முகடு தெரிகிறது. 2013-ல் பளபளவென்று வந்த கட்டடம் இப்போது சாம்பல் ஏறி, புல் கூரை கறுத்து, இறங்குமுகத்தில் இருக்கிறது. அதை ஒட்டி அதே அளவில் இன்னொரு மனை காலியாகக் கிடக்கிறது, நடுவில் ஒரே ஒரு சின்னக் குடில். 2033-ல் கோயில் அங்கே போய்விடும். வேலை 2025-லேயே தொடங்கிவிட்டது.

ஏன் 20 ஆண்டு? பழைய நூல்கள் எண்ணைச் சொல்கின்றன, காரணத்தைச் சொல்லவில்லை. புல் கூரையின் ஆயுள் என்கிறார்கள் சிலர். எனக்குப் பிடித்தது தச்சர் கணக்கு. இருபதில் கற்றுக்கொள்ள வருகிறவன் நாற்பதில் முன்னின்று செய்வான், அறுபதில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பான். ஐம்பது ஆண்டு இடைவெளி விட்டால், செய்து பார்த்த கை ஒன்றும் மிஞ்சாது. இது விட்டுப்போன காலமும் உண்டு. 15, 16-ஆம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில் 120 ஆண்டுக்கு மேல் நடக்கவில்லை. மறுபடி எடுத்துக்கட்ட மிகுந்த பாடுபட்டார்கள். 1949-ல் நடந்திருக்க வேண்டியது போர்த் தோல்வியால் 1953-க்குத் தள்ளிப்போனது.

மரமும் ஒரு பிரச்சினை. ஒருமுறை கட்டப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வேண்டும். சொந்தக் காடு தீர்ந்துபோய்ப் பல நூற்றாண்டு கிசோ மலைகளை நம்பியிருந்தார்கள். 1923-ல், 200 ஆண்டுத் திட்டம் போட்டுக் கோயில் காட்டில் ஹினோகி நட ஆரம்பித்தார்கள். அதில் வளர்ந்த மரம் 2013 கோயிலில் ஏறக்குறைய கால்பங்குக்கு உதவியது. முழுப் பயன் இனிவரும் நூற்றாண்டில்.

இந்தக் கோயில் கட்டடம் தேசியப் பொக்கிஷப் பட்டியலில் இல்லை, உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இல்லை. ஜப்பானில் இதைவிட மதிப்பு மிக்க கோயில் எது என்று கேட்டால் பலரும் விரல் நீட்டுவது இதை நோக்கித்தான். எனக்குத் தோன்றுவது, இங்கே மதிப்பு மரத்தில் இல்லை, அதன் வயதிலும் இல்லை. அடுத்தமுறை செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உறுதியில் இருக்கிறது. டோக்கியோவில் இடிந்த கோபுரத்துக்குப் பெட்டியை மாற்றும் வரைபடம் இருந்தது. மாற்ற வேண்டும் என்று சேர்ந்து நிற்கும் மனிதர்கள் இல்லை. இங்கே 2013-ல் ஊர்மக்கள் ஆளுக்கொரு வெள்ளைக் கல்லைத் துணியில் பொதிந்து எடுத்துப்போய்ப் புதிய கருவறையைச் சுற்றி வைத்தார்கள். தெய்வம் குடிவருவதற்கு முன் அந்த ஒருமுறைதான் அவர்கள் அவ்வளவு பக்கத்தில் போக முடியும்.

ஞாயிறு, குவானா

பழைய மரம் என்ன ஆகிறது என்று பார்க்க வந்தேன். இசே கருவறையின் இரு பக்கமும் முகட்டைத் தாங்கும் பெரிய தூண்கள் உண்டு. 20 ஆண்டு முடிந்ததும் அவற்றை இழைத்து, உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரீ வாயில்களாக நிறுத்துகிறார்கள். மேல்தோல் சீவியதும் உள்ளே மரம் புதிதாகவே இருக்கிறது. அங்கே இன்னொரு 20 ஆண்டு. பிறகு ஒரு வாயில் சேகி என்ற பழைய வழித்தங்கல் ஊருக்குப் போகிறது, இன்னொன்று இங்கே குவானாவுக்கு, அந்தக் காலத்தில் கடல்வழி வந்த யாத்ரிகர்கள் படகிலிருந்து இறங்கிய துறைக்கு.

ஆற்றுமுகத்தைப் பார்த்து நிற்கும் இந்த வாயிலின் மரம் 1973-ல் வெளிக்கோயில் தூணாக நின்றது. 1993-க்குப் பிறகு பாலத்தின் முனையில் வாயிலாக. இப்போது இங்கே. அருகில் போய்ப் பார்த்தேன். நெடுக்காக விரல் நுழையும் வெடிப்புகள், வெயில் படும் பக்கம் வெளிறி, நிழல் பக்கம் இன்னும் கொஞ்சம் மஞ்சள். வேலி கிடையாது, காவல் கிடையாது. கருவறையில் இருந்தபோது யாரும் நெருங்க முடியாத மரம் இது. சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

இங்கிருந்தும் இது ஒரு நாள் கிளம்பும். இப்படிக் கைமாறிய மரங்கள் நாடெங்கும் பல கோயில்களுக்குப் போகின்றன. 1995 நிலநடுக்கத்தில் கோபேயின் இகுதா கோயிலில் கல் வாயில் விழுந்தது. அந்த இடத்துக்கு இசேயின் பழைய மரத்தில் செய்த வாயில் போனது. கல் விழுந்த இடத்தில், மூன்று முறை வேறு வேறு வேலை பார்த்த மரம். நாளைக் காலை ரயிலில் கோபே போகிறேன்.